தலை தீபாவளியில் போன மீசை

எனக்குப் பொய் சொல்ல வராது, பிள்ளைகளே. அப்பா ரொம்ப நல்லவர் என்று நினைக்க வேண்டாம். சொல்லிப் பார்த்து மாட்டிக்கொண்டவன் நான். ஹாலில் மாட்டியிருக்கும் தலை தீபாவளிப் படத்தில், அம்மா பக்கத்தில் உரித்த கோழி மாதிரி நிற்பது யார் என்று கேட்டீர்களே, அது நான்தான்.

கல்யாணமாகி நாலு மாதம். ஈப்போவிலிருந்து தைப்பிங்கில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். காலையிலிருந்தே மழை (தைப்பிங்கில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை). நாலு மணிக்கு ஸ்டூடியோவில் குடும்பப் படம். அதுவரை என்ன செய்வது? அம்மாவின் அண்ணன், உங்கள் சேகர் மாமா, சீட்டுக்கட்டை எடுத்தார்.

"மச்சான், போக்கர் ஆடலாம் வாங்க. கையில ரெண்டு கார்டு, மேசையில அஞ்சு. அதுல நல்ல அஞ்சைச் சேர்க்கணும். அவ்வளவுதான் லா."

காசு கிடையாது. பந்தயம் வைக்க ஆளுக்கு ஐம்பது ரப்பர் மரக் கொட்டை.

"தோத்தவன் மீசையை எடுத்துட்டுத்தான் படத்துக்கு நிக்கணும். சரியா?"

அப்போது என் மீசை அவ்வளவு அடர்த்தி. பெண் பார்க்கப் போனபோது உங்கள் அம்மா நிமிர்ந்து பார்த்ததே அதை மட்டும்தான் (அவளே சொன்னது). ஆனால் மாமியார் வீட்டில் புது மாப்பிள்ளை பயந்துவிட்டான் என்று பேர் வரலாமா? உட்கார்ந்துவிட்டேன்.

சேகர் மாமா கார் ஓட்டுகிற மாதிரிதான் சீட்டும் ஆடுவார். பிரேக்கே கிடையாது. கார்டைச் சரியாகப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே "பத்து!", "இருபது!" என்று கொட்டையைத் தள்ளுவார். எனக்கோ ரெண்டும் ஏழும், மூணும் எட்டும். கார்டைக் கவிழ்த்து விலகிக்கொண்டு முறுக்கைக் கடித்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டு கொட்டை கட்டாயம் வைக்க வேண்டும். சும்மா இருந்தே கரைந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் ராஜா ஜோடி வந்தது! முறுக்கைத் தட்டில் வைத்தேன். உடனே அத்தை, அதாவது உங்கள் பாட்டி, வந்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, முறுக்கை வச்சிட்டீங்க? பிடிக்கலையா?"

சேகர் மாமா என்னைப் பார்த்தார். முறுக்கைப் பார்த்தார். கார்டைக் கவிழ்த்தார்.

"நான் வரலை மச்சான்."

கிடைத்தது ரெண்டே கொட்டை. அடுத்த நல்ல கார்டுக்கும் இதே கதை. இவருக்கு ஏதோ மந்திரம் தெரியும் என்றே நினைத்தேன்.

காப்பி கொண்டுவந்த உங்கள் அம்மா காதோரம் குனிந்தாள்.

"ஏங்க, கார்டு மோசமா இருந்தா மென்னுக்கிட்டே இருக்கீங்க. நல்லா வந்தா வாய் நின்னுடுது. எங்கம்மா அதை வீட்டுக்கே சொல்லிடுறாங்க. அந்த மீசையைக் காப்பாத்துங்க."

எனக்கு மூளை வேலை செய்தது (அந்த வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்). அடுத்து வந்தது மூணும் ஒன்பதும். முறுக்கைக் கீழே வைத்தேன்.

"என்ன மாப்பிள்ளை, உப்பு கூடிப்போச்சா?"

சேகர் மாமா கவிழ்த்தார்! அப்படியே ஆறு ஆட்டம். குப்பையை வைத்தே கொட்டையை அள்ளினேன். பாதி நேரம் அவர் கையிலும் குப்பைதான், சத்தம் மட்டும்தான் பெரிசு என்று அப்போதுதான் புரிந்தது. தலைக்கனம் ஏறிவிட்டது.

மறுபடி ரெண்டும் ஏழும். "மொத்தமும்!" என்று எல்லாக் கொட்டையையும் தள்ளினேன். முறுக்குத் தட்டையே நகர்த்திவைத்தேன். சேகர் மாமா தலையைச் சொறிந்தார். கவிழ்க்கத்தான் போனார்.

அப்போது அத்தை சமையலறையிலிருந்து நெய் உருண்டையோடு வந்து நின்றார்.

"முறுக்கு சலிச்சுப்போச்சு போல. மாப்பிள்ளைக்குன்னே பிடிச்சேன். ஒண்ணே ஒண்ணு."

தலை தீபாவளி. மாமியார் கை நீட்டி நிற்கிறார். எந்த மாப்பிள்ளை மாட்டேன் என்பான்? வாங்கி வாயில் போட்டேன். வாயில் இருந்தால் மெல்லாமல் இருக்க முடியுமா?

"மெல்லுறாரு! மச்சான் மெல்லுறாரு!" சேகர் மாமா மொத்தத்தையும் தள்ளினார். அவர் கையில் இருந்தது வெறும் மூணாம் நம்பர் ஜோடி. என்னிடம் அதுகூட இல்லை.

பிளேடை உங்கள் அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மீசை திரும்ப வளர்ந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து நம் வீட்டில் யார் சாப்பாட்டை ஒதுக்கினாலும், உடம்புக்கு என்ன என்று ஒருத்தரும் கேட்பதில்லை. போன வாரம் காய்ச்சலில் கஞ்சி வேண்டாம் என்று படுத்திருந்தேன். அம்மா போனில் சேகர் மாமாவிடம் சொன்னாள். போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"சாப்பிடலையாமே? அப்ப நான் ஆட்டத்துக்கு வரலை மச்சான்."