விமானத் தீவில் ஓட்டோ தேடியவன்

பயணத்துக்குத் திட்டம் போடுகிறவனை ஒரு குடும்பம் எப்படியாவது தாங்கிக்கொள்ளும். போட்ட திட்டத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறவனைத்தான் தாங்க ஏலாது. நான் இரண்டாவது ரகம். மருதமுனையில் உம்ரா என்று மக்காவுக்குப் புறப்படுகிறவர்கள் பெட்டி கட்டுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். (கேட்காதவர்களை நானே தேடிப்போய்ச் சொல்லிவிடுவேன்.)

தங்கச்சிக்கு முதல் பிள்ளை. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார், பிள்ளைப்பேறும் தாய்வீட்டில்தான். இவளோ மாலைதீவில், தலைநகரிலிருந்து எவ்வளவோ தெற்கே, வாத்தியார் வேலை பார்க்கும் மச்சானோடு ஒரு சின்னத் தீவில் இருந்தாள். ஊருக்கு வர டிக்கெட் எடுத்த கிழமையில், இனிப் பறக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே உம்மா முடிவெடுத்தார்.

"அவள் வர ஏலாட்டி நான் போறன். வலி வரக்குள்ள நான் அவட பக்கத்தில நிக்கணும். மத்தது ஒண்டும் எனக்குத் தெரியா. நீ பிளானைப் போடு."

போட்டேன். கொழும்பிலிருந்து மாலே, அங்கிருந்து காற்றாடி வைத்த சின்ன விமானம். ஃபோனில் வரைபடத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். அந்த விமானம் இறங்கும் இடத்துக்கும் தங்கச்சியின் வீட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகத்தின் அகலம். எங்கள் கரையில் பிறந்தவனுக்கு அது என்ன சொல்லும்? கல்முனை எங்கே முடிகிறது, சாய்ந்தமருது எங்கே தொடங்குகிறது என்று மதிலைப் பார்த்துச் சொல்ல முடியாத சனம் நாங்கள். ஓர் ஊருக்குப் பக்கத்தில் ஊர் இருந்தால் நடுவே ஓட்டோ ஓடும்; அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? நகத்துக்குக் கீழே நீலம் தெரிந்தது உண்மைதான். களப்புத் தண்ணியாக்கும், மேலே பாலம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், நான் வந்து நிற்கிறேன் என்று மச்சான் திரும்பத் திரும்பக் கேட்டார். நீங்கள் அவளை விட்டு நகர வேண்டாம், நாங்களே வந்துகொள்வோம் என்று பெரிய மனுசன்போல் சொன்னேன். எல்லாம் கையில் இருக்கிறது என்றும் சொன்னேன். கையில் இருந்தது உம்மாவின் பெட்டி. அதற்குள் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத் தூள், நல்லெண்ணெய், ஒரு போத்தல் மாசிச் சம்பல். (மாசிக் கருவாடு வருவதே மாலைதீவிலிருந்துதான் என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே உள்ளவர்களுக்குச் சம்பல் இடிக்கத் தெரியாதே என்றார் உம்மா.)

சின்ன விமானம் மேலெழுந்ததும் என் வாய் மூடிக்கொண்டது. அது அபூர்வம். கீழே கடல் ஒரு நிறத்தில் இல்லை. மை நீலத்துக்கு நடுவே பச்சை வளையங்கள், வளையத்துக்குள் பால் வெள்ளை. உம்மாவின் விரலில் தஸ்பீஹ் மணி பாதியில் நின்றது. பிறகு விமானம் தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது. ஜன்னலில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. கலிமாவைச் சொல்லி முடிக்கவும் சக்கரம் தரையைத் தொட்டது. கடலில் ஒரு சாரனை விரித்துக் காயப்போட்ட மாதிரி நீளமாய் ஒரு மண். அதன் மேலே ஓடுபாதை. இந்த முனையிலும் கடல், அந்த முனையிலும் கடல்.

இறங்கியவர்கள் எல்லோரும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஒரு படகை நோக்கி ஓடினார்கள். உம்மாவும் எழும்பினார். நான் இருத்தினேன். "அவங்க வேற தீவுக்குப் போற ஆக்கள் உம்மா. சனம் கலையட்டும், ஓட்டோக்காரன் அப்பதான் இறங்கி வருவான்." படகு புறப்பட்டது. உம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானமும் எழும்பிப் போனது.

ஓட்டோ தேடிக் கட்டடத்தைச் சுற்றிவந்தேன். முன்பக்கம் கடல். பின்பக்கம் போனேன், அங்கே வேறு கடல் இருந்தது. காவலுக்கு நின்றவரிடம் கையால் ஹேண்டில் பிடித்துக் காட்டி, வாயால் சத்தமும் போட்டுக் கேட்டேன். அவர் என்னை மெல்லப் பிடித்து, நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

மச்சானுக்கு ஃபோன் எடுத்தேன். ஓட்டோ எங்கே பிடிப்பது என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு சொல்லாய் நிறுத்திச் சொன்னார்.

"மச்சான், நீங்க நிக்கிற தீவில பிளேன் இறங்குற மட்டும்தான். நாங்க இரிக்கிறது மத்தத் தீவு. நடுவில கடல். படகு போயிட்டா இனி அடுத்த பிளேனுக்குத்தான் வரும்." பிறகு குரல் தாழ்ந்தது. "அவள இப்பதான் ஆஸ்பத்திரியில சேர்த்திரிக்கன். வலி துடங்கிட்டு. இரிங்க, போட் ஒண்டு பிடிச்சிட்டு வாறன்."

உம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. கைகால் கழுவி ஒழு எடுத்து, ஓடுபாதைக்குப் பக்கத்தில் முசல்லாவை விரித்துத் தொழுதார். அப்படியோர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நாலு பக்கமும் வானம் தண்ணீரில் முட்டிக்கொண்டு நின்றது. தொழுகை முடித்து ஸலாம் கொடுத்த பிறகும் உம்மா அப்படியே இருந்தார்.

"இவ்வளவு தண்ணிக்கு நடுவில இந்தத் துண்டு மண்ணை எப்படி மகன், அல்லாஹ் பிடிச்சு வெச்சிரிக்கான்?" என்றார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். "நீ கொஞ்ச நேரம் கதையாத."

நெடுநேரம் கழித்து மச்சான் மீன்காரர் ஒருவரின் படகில் வந்து சேர்ந்தார். சட்டையில் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. எங்களை ஏற்றிக்கொண்டு படகு உடனே திரும்பியது. கண்ணாடிபோல் கிடந்த தண்ணீரின் அடியில் எங்கள் படகின் நிழல் கூடவே ஓடிவந்தது. என்னால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, ரசிக்கவும் தைரியமில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் தாதி சிரித்துக்கொண்டு நின்றார். பெண் பிள்ளை, சற்று முன்தான். தகப்பனையும் உம்மும்மாவையும் ஒரே நேரத்தில் கடலில் நிறுத்தி வைத்த பெருமை எனக்கு. உம்மா என்னைத் தாண்டி உள்ளே போய்த் தங்கச்சியின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மச்சான் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார், இன்னும் மூச்சு வாங்கியபடி. தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"வாங்க காக்கா. வழியில சரியான சனமா?"

இப்போது அவர்கள் ஊருக்கே வந்துவிட்டார்கள். அன்றைக்குப் பிறந்த மருமகள் பள்ளிக்கூடம் போகிறாள். இந்தக் கதையை உம்மா அவளுக்கு எத்தனை தரம் சொன்னாரோ தெரியாது. யாராவது பயணத்துக்கு ஆலோசனை கேட்டு என் வீட்டுப் படியேறினால் அவளும் வந்து கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் பேசத் தொடங்கியதும் வந்தவர்களிடம் சொல்லுவாள்:

"நான் ஒரு பிளானும் போடாமத்தான் வந்தன். மாமா பிளான் போட்டுத்தான் வந்தார். ஆரு முந்தி வந்த எண்டு கேளுங்க."

வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத இடத்திலிருந்து, யாரிடமும் வழி கேட்காமல், நேரத்துக்கு வந்து இறங்கியவள் அவள். அவளோடு என்னத்தை வாதாடுவது?