ஒன்றா, ஏழா?

ஒருவன் தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். ஒரு மொழியில் பத்துவரை எண்ணத் தெரிந்தாலே போதும். எனக்கு ஜெர்மன் மொழியில் பன்னிரண்டுவரை தெரியும்! (அதற்கு மேல் கேட்டால் விரலைக் காட்டுவேன். விரலும் பத்துத்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வரும்.) அந்தப் பன்னிரண்டு எண்களை நம்பி, 1985ஆம் ஆண்டில், பதினைந்து ஜெர்மன் பெண்களை ஒரே நேரத்தில் வாய்பிளக்க வைத்தவன் நான்.

பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே மூடிக்கிடந்த விடுதி ஒன்றை அகதிகளுக்கான ஹைம் ஆக்கி எங்களைக் குடிவைத்திருந்தார்கள். ஓர் அறையில் நாலு பேர். வேலைக்குப் போக அனுமதியில்லை, ஊர் எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. அனுமதி உள்ளவை மூன்று: தூங்குவது, சோறு காய்ச்சுவது, அறையில் மூத்தவரான குணம் அண்ணை சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது.

அந்த வருடம் ஜனவரி முதலாம் திகதி காலையில் ஹைம் பொறுப்பாளர் எங்கள் கதவைத் தட்டினார். நாலு பேரில் என் கையை மட்டும் பிடித்துக் குலுக்கி, "அல்லெஸ் கூட்டெ சும் கெபுர்ட்ஸ்டாக்!" என்று சொல்லி, ஒரு சொக்லேட் கட்டியும் தந்தார். புதுவருட வாழ்த்து என்று உடனே விளங்கிக்கொண்டேன். மற்ற மூவருக்கும் இல்லாமல் எனக்கு மட்டும் கிடைத்தது என் முகக்களையால் என்றும் விளங்கிக்கொண்டேன். நல்ல நீளமான வாழ்த்து! அன்று முழுக்க வீதியில் நின்று அதையே எல்லோருக்கும் சொன்னேன். பாண் கடைக்காரிக்குச் சொன்னேன், பேருந்துச் சாரதிக்குச் சொன்னேன், நாயோடு உலாவ வந்த மனிதருக்குச் சொன்னேன். நாய்க்கும் சொன்னேன்.

பெப்ரவரிக் குளிரில் ஒரு வியாழக்கிழமை தேவாலய மண்டபத்தின் கதவில் ஓர் அறிவித்தலைக் கண்டேன். அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் 'கேக்'. உள்ளே போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், கேக்குக்காகத்தான் போனேன்.

உள்ளே பதினைந்து பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் கட்டம் கட்டமாக ஓட்டையுள்ள முரட்டுத் துணி. கையில் மரப்பிடி போட்ட ஒரு கொக்கி ஊசி. விரல் நீளத்துக்கு வெட்டிய கம்பளித் துண்டை அந்தக் கொக்கியில் மாட்டி, ஓட்டைக்குள் விட்டு, ஒரு சுண்டு சுண்டி இழுத்தால் ஒரு முடிச்சு. அடுத்த ஓட்டை, அடுத்த முடிச்சு. இப்படி ஆயிரக்கணக்கில் போட்டால் புசுபுசுவென்று ஒரு கம்பளம்! அந்தக் காலத்தில் ஜெர்மனியில் பாதி வீடுகளில் இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. அன்று மாலை எனக்கும் பிடித்தது. கேக்கை மறந்துபோனேன். (பிறகு ஞாபகம் வந்து இரண்டு துண்டு சாப்பிட்டேன்.) பத்து மாதமாகச் சும்மா கிடந்த கைகளுக்கு ஒரு வேலை கிடைத்ததும், எழும்பி நின்று கூத்தாடலாம் போலிருந்தது.

அந்த வட்டத்தின் தலைவி ஃபிராவ் ஹெங்கல். ஃபிராவ் என்றால் திருமதி. பல் வைத்தியரிடம் வேலை செய்தவர், "வாயைத் திற" என்று சொல்லிப் பழகிய குரல். அவருக்கு நேரெதிர் ஃபிராவ் வீஸ்னர், எதையும் இரண்டு தரம் அளந்து பார்த்துவிட்டு நம்பாமல் மூன்றாம் தரமும் அளப்பவர். (இருவரும் பேசியது ஜெர்மன்தான். என் நினைவில் இப்போது யாழ்ப்பாணத் தமிழில் பேசுகிறார்கள், நான் என்ன செய்ய?)

செப்டெம்பரில் அந்தப் பெரிய செய்தி வந்தது. நவம்பரில் வரும் மார்ட்டின் திருவிழாவுக்குத் தேவாலயச் சுவரில் தொங்கவிட ஒரு மாபெரும் கம்பளம். பதினாறு சதுரம், ஆளுக்கு ஒன்று, கடைசியில் சேர்த்துத் தைப்பது. பெண்கள் பதினைந்து பேர்தான். பதினாறாவது ஆள்?

"நேசன் செய்யட்டும்," என்றார் ஃபிராவ் ஹெங்கல், என்னைக் காட்டி.

"ஒரு சதுரம் பிழைச்சால் முழுக் கம்பளமும் பிழைச்ச மாதிரி. அவருக்குப் பாஷையும் விளங்காது," என்றார் ஃபிராவ் வீஸ்னர்.

"அவருக்கு நான் பொறுப்பு!"

எனக்காக ஒரு ஜெர்மன்காரி பொறுப்பு நிற்கிறார்! இது பிழையாகிப்போனால் அந்த மனுசியின் சொல் போகும், என் வியாழக்கிழமையும் போகும். வாரத்தில் எனக்கென்று இருந்த ஒரே நாள் அது.

மார்ட்டின் யார் என்று எனக்கு விளக்க, ஃபிராவ் ஹெங்கல் கேக் வெட்டும் கத்தியை உருவித் தன் சால்வையை இரண்டாக வெட்டுவதுபோல் நடித்துக் காட்டினார். குளிரில் நடுங்கிய ஓர் ஏழைக்குத் தன் சிவப்பு மேலங்கியில் பாதியை வெட்டிக் கொடுத்த புனிதர். எனக்கு நன்றாக விளங்கியது. அந்தக் கதையில் இன்னொரு முக்கியமான உயிர் உண்டு. அதை அவர் நடித்துக் காட்டவில்லை.

பிறகு என் சதுரத்துக்கான படத்தைத் தந்தார். கட்டம் போட்ட தாளில் பென்சில் கோடுகள், ஒவ்வொரு பகுதிக்குள்ளும் கம்பளியின் நிற எண், எல்லாம் அவர் கைப்பட எழுதியவை. தாளைத் தட்டி, "உங்களுக்குத்தான் கொப்ஃப்!" என்றார் பெருமையாக. என் காதில் விழுந்தது 'க்னொப்ஃப்'. அகராதியைப் புரட்டினேன். க்னொப்ஃப் என்றால் பொத்தான். ஆகா! மேலங்கியின் பொத்தான்!

மண்டபத்துக்கு வர்ணம் பூசத் தொடங்கியதால் ஆறு வாரம் கூட்டம் இல்லை, அவரவர் வீட்டில் செய்ய வேண்டும். கம்பளிப் பெட்டி ஃபிராவ் ஹெங்கல் வீட்டு முன்வாசலில் இருந்தது. பொதிகளில் எண்கள் அச்சிட்டிருக்கும், தேவையானதை எடுத்துப் போகலாம். என் தாளில் சுற்றிவர மூன்று, அது நீலம். நடுவில் பெரிய பகுதி முழுக்க ஏழு. ஏழாம் பொதியைத் திறந்தேன். சிவப்பு! நான் நினைத்தது சரி, மேலங்கியேதான். அதற்குள் இரண்டு இடத்தில் கறுப்பு, அவை பொத்தான்கள். குறுக்கே ஒரு மண்ணிறப் பட்டை, அது இடுப்புப் பட்டி. இவ்வளவு தெளிவாக யார் படம் கீறித் தருவார்கள்?

காலையில் எழுந்தால் முடிச்சு, சோறு வடித்தால் முடிச்சு. குணம் அண்ணை வந்து கட்டிலோரம் குனிந்து பார்த்தார்.

"உதென்னடா தம்பி, வெட்டின இறைச்சி மாதிரிக் கிடக்கு?"

"மேலங்கி அண்ணை. இது பொத்தான்."

"பொத்தான் ஏன் ஒண்டு பெரிசு, மற்றது சின்னன்?"

"இங்கத்தைப் பாஷன் அண்ணை."

"ஓமோம், இவங்கள் அப்பிடித்தான்," என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

நாலாம் வாரம் கம்பளி எடுக்கப் போனபோது, முன்வாசலில் ஃபிராவ் வீஸ்னர் வெறும் பொதியை உதறிக்கொண்டு நின்றார். "சிவப்பு முடிஞ்சு போச்சு! என்ரை மேலங்கி பாதியிலை நிக்குது. கொம்பனிக்காரன் குறைச்சு அனுப்பிப்போட்டான்!" எனக்கும் கோபம் கோபமாக வந்தது. 'அநியாயம்' என்பதற்கு ஜெர்மன் தெரியாததால் தலையை மிகப் பலமாக ஆட்டினேன். அன்றே அவர் கம்பளிக் கொம்பனிக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினார். பாவம், அவர்கள் மன்னிப்புக் கேட்டு ஒரு புதுப் பொதி அனுப்பினார்கள். அது வந்த அன்று முதலில் போனவன் நான். பாதியை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளைக் கம்பளி மட்டும் யாரும் தொடாமல் மூன்று பொதி மிஞ்சியிருந்தது. வெள்ளையைக் கூடுதலாக அனுப்பிவிட்டார்கள் போல, கணக்குத் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்புக்காகக் காத்திருந்ததில் என் சதுரம்தான் கடைசி. திருவிழாவுக்கு முதல் நாள் மதியம் அதை நான் உடுக்கும் சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன். மற்றப் பதினைந்தையும் ஏற்கெனவே தைத்துத் தரையில் விரித்திருந்தார்கள். நடுவில் ஒரு சதுர ஓட்டை. சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கவே எனக்கு அவகாசம் இல்லை, அவ்வளவு பூரிப்பு! முழந்தாளில் இருந்து, சாரத்தை விரித்து, என் மேலங்கியை ஓட்டைக்குள் வைத்தேன். பட்டி குறுக்கே, பொத்தான்கள் மேலும் கீழும். நிமிர்ந்து சிரித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஃபிராவ் ஹெங்கல் மெதுவாகக் குனிந்தார். என் சதுரத்தைக் கால் வட்டம் திருப்பினார்.

பெரிய பொத்தான் கண் ஆனது. சின்னப் பொத்தான் மூக்கு ஓட்டை ஆனது. இடுப்புப் பட்டி கடிவாளம் ஆனது. பனியில், பால் போல் வெள்ளை உடம்போடு, வெள்ளைக் கால்களோடு நின்ற மார்ட்டினின் அழகான குதிரையின் கழுத்துக்கு மேலே, தக்காளிச் சிவப்பில் ஒரு தலை என்னை முறைத்துப் பார்த்தது. க்னொப்ஃப் அல்ல, கொப்ஃப்; கொப்ஃப் என்றால் தலை!

"குதிரையோ?" என்றேன்.

"என்ரை சிவப்பு!" என்று கத்தினார் ஃபிராவ் வீஸ்னர். "இங்கையோ போனது? கொம்பனிக்காரனை நான் என்னெல்லாம் எழுதினனான்! நான் அப்பவே சொன்னனான், சொன்னனானோ இல்லையோ?"

ஃபிராவ் ஹெங்கலின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்காக நின்ற மனுசி. பதினாலு பேரும் இப்போது அவரைத்தான் பார்த்தார்கள். தரை பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அவர் கை நீட்டிப் படத்தாளை வாங்கி, நடுவில் இருந்த எண்ணைத் தொட்டுக் கேட்டார்.

"இது என்ன?"

"ஏழு."

"இல்லை! ஒண்டு! ஒண்டு வெள்ளை!"

"இதுவோ ஒண்டு? அப்ப ஏன் இதுக்குத் தலையிலை கை முளைச்சிருக்கு?"

கேக் சுற்றி வந்த தாளில் நான் என் ஒன்றை எழுதினேன், நேராக ஒரு கோடு. என் ஏழையும் எழுதினேன். அவர் என் ஒன்றைப் பார்த்து, "இது தடி" என்றார். என் ஏழைப் பார்த்து, "இதுதான் ஒண்டு" என்றார். பிறகு தன் ஏழை எழுதிக் காட்டினார், இடுப்பில் குறுக்கே ஒரு கோடு போட்டு. என் படத்தாளில் அப்படி ஓர் ஏழுகூட இருக்கவில்லை.

ஃபிராவ் வீஸ்னர் அந்தக் கேக் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். மூன்று தரம் பார்த்திருப்பார். பிறகு தன் கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார்.

"அந்த ஆள் பிழையா முடிச்சுப் போடேல்லை. எழுதிக் கிடந்ததைத்தான் போட்டிருக்கிறார். வெள்ளையைக் கொண்டு வாங்கோ!"

அழுகை வந்துவிட்டது எனக்கு. குனிந்து முடிச்சு அவிழ்க்கிற மாதிரிச் சமாளித்தேன்.

ஒரு சதுரத்தைச் சுற்றி மூன்று பேர்தான் இருக்கலாம். நாங்கள் மூவரும் அவிழ்த்தோம், மறுபடி முடிச்சுப் போட்டோம். மற்றவர்கள் பின்னால் நின்று வழி சொன்னார்கள். மூக்கு வெளுத்தது, கன்னம் வெளுத்தது. ஐந்து மணிக்கு ஃபிராவ் வீஸ்னர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் தைக்க வேண்டும். "காது கிடக்கட்டும்," என்றார்.

அடுத்த நாள் பிள்ளைகள் காகிதக் கூடுகளில் விளக்கேற்றிக்கொண்டு தேவாலயத்துக்குள் வந்து கம்பளத்தின் முன் நின்றார்கள். ஒரு சிறுமி விரலை நீட்டி, "ஏன் குதிரைக்குக் காது மட்டும் சிவப்பு?" என்று கேட்டாள். பாதிரியார் ஒரு கணம் யோசித்து, "குளிர்," என்றார். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் தொட்டேன். கொதித்தது.

அந்த வியாழக்கிழமை நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? நாலே கால் மணிக்கு ஹைம் கதவைத் தட்டிக்கொண்டு ஃபிராவ் வீஸ்னர் நின்றார். கையில் எனக்கொரு புதுப் படத்தாள். ஒவ்வொரு ஏழின் இடுப்பிலும் சிவப்பு மையில் கோடு. "பிந்திப்போனீர், கேக் முடியுது," என்றார்.

அன்று கோப்பி குடிக்கும்போது, "வேற எங்கையாவது ஏழு எழுதிக் குடுத்தனீரோ?" என்று அவர் கேட்டார். அளந்து பார்க்கிற புத்தி! என் கையால் படிவம் நிரப்பி வாங்கிய அகதி அட்டையை எடுத்து நீட்டினேன். அதில் ஒன்று, புள்ளி, ஒன்று, பிறகு நான் பிறந்த ஆண்டு. அது ஏதோ சட்டப் பிரிவின் இலக்கம், தற்செயலாக நான் பிறந்த ஆண்டில் வந்த சட்டம் என்று ஒரு வருடமாக நம்பியிருந்தேன்.

"நீங்கள் எப்ப பிறந்தனீங்கள்?" என்றார் ஃபிராவ் ஹெங்கல்.

"ஜூலை ஏழு. ஏழாம் மாதம் ஏழாம் திகதி."

பதினைந்து கொக்கி ஊசிகளும் நின்றன. பிறகு எழும்பிய சிரிப்பில் கோப்பிக் கோப்பைகள் ஆடின. அப்போதுதான் 'கெபுர்ட்ஸ்டாக்' என்றால் பிறந்தநாள் என்பதும் எனக்கு விளங்கியது. நாய்க்குச் சொன்னதை நினைத்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

திருத்த முயன்றோம். அசல் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அது கிடந்த அலுமாரியையும் அலுமாரி நின்ற வீட்டையும் விட்டுத்தானே ஓடி வந்திருந்தேன். அதனால் ஜெர்மனியின் கண்ணில் நான் இன்றுவரை ஜனவரி முதலாம் திகதி பிறந்தவன்.

அடுத்த ஜனவரி முதலாம் திகதி பதினைந்து பேரும் ஹைமுக்கே கேக்கோடு வந்தார்கள். மேலே ஃபிராவ் ஹெங்கல் தன் கையாலேயே சிவப்புக் கிரீமில் 1.1. என்று எழுதியிருந்தார், அந்தக் கை முளைத்த ஒன்றுகளால். குணம் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "அட, சரியா எழுதியிருக்கிறாளவை! ஏழு ஏழு!" என்றார்.

இப்போது அந்த வேலையை என் மகள் எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு புதுவருடத்துக்கும் கேக்கில் அதே கை முளைத்த எழுத்து. கத்தியை எடுக்கும்போது மனைவி ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "ஒண்டோ, ஏழோ?"

"இஞ்சாலை நிண்டு பார்த்தால் ஒண்டு, அங்காலை நிண்டு பார்த்தால் ஏழு," என்பாள் மகள். "அப்பாவின்ரை காதைப் பாருங்கோ, சிவக்குது!"