கரீஃப் வைத்தியம்

பட்டுத்துணியை மீட்டர் கோலில் அளந்துகொண்டிருக்கும்போதே சாதிக் பாட்ஷாவின் இடுப்பு, அவரைக் கேட்காமல், வலப்பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தது.

கல்லாவில் இருந்த மனைவி மதீனா பீவி பார்த்துவிட்டாள்.

"என்ன மச்சான், இடுப்புல புடிப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமதான் இடுப்பு ஊர்வலம் போகுதாக்கும்?"

வெளியே ஓமான் நாட்டுச் சலாலாவின் சாரல் காலம். மலையிலிருந்து இறங்கிய மூடுபனி கடைத்தெருவுக்குள் நுழைந்து, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை எழுத்து எழுத்தாகத் தின்றுகொண்டிருந்தது. இந்தச் சாரலுக்கு இங்கே கரீஃப் என்று பேர். சாதிக் பாட்ஷாவுக்கு வந்த வினையும் அந்தப் பேரால்தான் வந்தது.

எட்டாம் வகுப்போடு கீழக்கரையிலிருந்து கிளம்பி வந்தவர் அவர். ஐம்பதை நெருங்கும் வயதிலும், காலேஜ் பெஞ்சில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை விடவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஒரு மாலைநேரக் கல்லூரி. மூன்று பாடம் சேர்த்துப் படித்தால் சான்றிதழ். நடைமுறைக் கணக்கு, முதலுதவி இரண்டையும் உடனே எடுத்துக்கொண்டார். மூன்றாவதில் இடம் மிச்சமிருந்தது கரீபியன் நடனத்தில் மட்டும். அவசரத்தில் அதைக் 'கரீஃப் நடனம்' என்று படித்துவிட்டார். திருவிழாவில் ஓமானியப் பெரியவர்கள் கைத்தடியோடு வரிசையாக நின்று கண்ணியமாக அசைவார்களே, அதுதான் என்று நினைத்தார்.

ஆறாம் அறைக்குள் போன முதல் நாளே தெரிந்துவிட்டது, இது வேறு சங்கதி என்று. மணி அடித்ததும் ஆபீஸிலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார்கள். ஏழு கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தீவின் கொட்டு. அறை நடுவே நெடுநெடுவென்று ஒரு மனிதர், நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். மாஸ்டர்! சாதிக் பாட்ஷா ஸலாம் சொன்னார். அவர் பேசிய பாஷை இவருக்குப் புரியவில்லை; இவருடைய ஹிந்தி அவருக்கு எட்டவில்லை. ஓடிவிடலாம் என்று திரும்பியபோது ஈரச் செருப்பு வழுக்கி, இடுப்பு வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது.

உடனே மாஸ்டரின் இடுப்பும் வலப்பக்கம் வெட்டியது.

'நான் வழுக்கினதையே பாடமாக்கிட்டாரே!' சாதிக் பாட்ஷா நெகிழ்ந்துபோனார்.

அதன்பின் போகாமல் இருக்க முடியவில்லை. கணக்கு வகுப்பில் அறையின் பரப்பளவைக் கேட்டால், அதில் எத்தனை பேர் ஆடலாம் என்று மனசு வகுத்தது. முதலுதவி வகுப்பில் பொம்மையின் நெஞ்சை அழுத்தும்போது தாளம் தப்பவில்லை. ஆறாம் அறையிலோ ஜன்னலெல்லாம் பனி பூத்திருக்கும். கடையும் வயசும் மறந்துபோகும். தரையில் நிற்கிறோமா, மேகத்தில் நிற்கிறோமா என்றே தெரியாது. மாஸ்டர் இவர் காலைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அத்தனை அக்கறை!

இதை வீட்டில் சொல்ல முடியுமா? மகள் ஆமிராவுக்குச் சம்பந்தம் பேசும் நேரம். மாப்பிள்ளையின் வாப்பா மீராசா, மஸ்கட்டில் அத்தர் வியாபாரி. யாராவது சத்தமாகச் சிரித்தாலே முகம் சுளிப்பவர்.

மதீனா பீவி தைலம் காய்ச்சிப் பூசினாள். அந்த வாசனைக்கு வாடிக்கையாளர்கள் வாசலோடு திரும்பினார்கள். தாங்கமுடியாமல் சாதிக் பாட்ஷா ஒரு பொய்யை அவிழ்த்தார்.

"இது நோவு இல்ல புள்ள. முதலுதவி வகுப்புல சொல்லித் தந்த இடுப்பு வைத்தியம்."

தைலம் நின்றது. ஆனால் சேதி மஸ்கட் வரைக்கும் போய்விட்டது.

அடுத்த வாரம் மீராசா குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார். பகல் முழுக்கப் பாலைவனத்தில் கார்ப் பயணம். பெண்ணைப் பார்த்தார், பிடித்தது. சோபாவிலிருந்து எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

"யா அல்லாஹ், இடுப்பு!"

"மச்சான் அதுக்குத்தானே படிச்சிருக்காஹ!" மதீனா பீவிக்குப் பெருமை தாங்கவில்லை.

சாதிக் பாட்ஷாவுக்கு வியர்த்தது. "நோயாளிய அசைக்கக் கூடாது. ஆம்புலன்ஸக் கூப்புடணும். அதான் முதலுதவி."

"அப்ப நீங்க கடையில தினமும் அசைச்சது?" மதீனா பீவி மடக்கினாள்.

மீராசாவின் முகம் இறுகியது. "எனக்கு மட்டும் வைத்தியத்த ஒளிக்கிறீயளோ? ஒளிச்சு வைக்கிற வீட்ல எப்படிச் சம்பந்தம் பண்றது?"

வேறு வழியில்லை. சாதிக் பாட்ஷா போனில் கொட்டுச் சத்தத்தை ஓடவிட்டார். மீராசாவைத் தோளோடு தூக்கி நிறுத்தினார்.

"வலப்பக்கம்... வழுக்கி விழப்போற மாதிரி... ஆனா விழாம."

இரண்டு கனத்த தேகங்களும் மெல்ல அசைந்தன. திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து நாற்காலிகளை மறைத்தது. மீராசா கண்ணை மூடிக்கொண்டார். வலி எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. பாட்டு நின்றும் அவர் இடுப்பு நிற்கவில்லை.

"கடல்மேல நடந்த மாதிரி இருந்துச்சு, சம்பந்தி. இதுக்கு என்ன பேரு?"

"க... கரீஃப் வைத்தியம்."

"கல்யாணத்துக்கு மொத அழைப்பு உங்க மாஸ்டருக்குத்தான். யல்லா, இப்பவே போவோம்!"

வகுப்பு இல்லை, மாஸ்டர் இருக்கமாட்டார் என்று சொன்னதெல்லாம் எடுபடவில்லை. கல்லூரி வரவேற்பு மேசையில் சிவகங்கைக்காரர் சோலையப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாதிக் பாட்ஷா அவர் காதோரம் குனிந்து, "ஆறாம் ரூம் மாஸ்டரப் பார்க்கணும்" என்று முணுமுணுத்தார்.

"எது, அந்தக் கரீபியன் டான்ஸா?" சோலையப்பனின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"டான்ஸா?" மீராசா திரும்பினார்.

சாதிக் பாட்ஷா கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆமிராவின் கல்யாணப் பந்தல் பனிக்குள் கரைந்துகொண்டிருந்தது.

மீராசா தாடியைத் தடவினார். இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பின்னாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கூட வந்த பெண்கள் காரிலேயே இருந்தார்கள்.

"கலாஸ், விடுங்க. அது நமக்குள்ளயே இருக்கட்டும், சம்பந்தி. மாஸ்டர் எங்க?"

சோலையப்பன் டீயைக் கீழே வைத்தார்.

"எந்த மாஸ்டரு பாய்? அவருக்கு விசாவே இன்னும் வரலையே! அந்த வகுப்புல சேர்ந்ததே நீங்க ரெண்டு பேருதான்; அந்த நெட்டை ஆளும் இப்பத்தான் வந்து, 'வாயே தொறக்காம இவ்வளவு நல்லாச் சொல்லித் தர்றாரே, எங்க மாஸ்டருக்கு எதாவது பரிசு குடுக்கணும், அவரு வீடு எங்க'ன்னு போன்ல மொழிபெயர்த்துக் காட்டி உங்களைத்தான் விசாரிச்சிட்டுப் போறாரு."