கழுத்து வலிக்கு என்ன விலை?

இனி சாகும்வரை ஞாயிற்றுக்கிழமைகளைப் படகில்தான் கழிப்பது என்று நான் முடிவெடுத்தது, ஒரு கல்யாண கேக் என் காரின் பின்பக்கம் மோதிய அன்று. கேக் தானாக மோதவில்லை. அதை ஏற்றி வந்த வேன் மோதியது. சிவப்பு விளக்கில் தேமே என்று நின்றிருந்தேன். டமார்! என் கழுத்து முன்னால் போய்ப் பின்னால் வந்தது. வேன்காரர் இறங்கி ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கேக்கைப் பார்த்து அழுதார்.

நிமிர்ந்தேன். எதிரே விளம்பரப் பலகை. எங்கள் லூசியானாவில் மரங்களைவிட வக்கீல் பலகைகள் அதிகம். "அடிபட்டீர்களா? உடனே அழையுங்கள்!" என்று வக்கீல் ஃபொந்தனோ கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அவர் தலைக்கு மேலே "ஏழு லட்சம் டாலர்" என்று கொட்டை எழுத்து. யாருக்கோ வாங்கிக் கொடுத்தாராம். எனக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது? கழுத்து எல்லோருக்கும் ஒன்றுதானே.

நசுங்கிய காரில் உட்கார்ந்திருக்கும்போதே, அந்தப் பணத்தில் வாங்கப்போகும் என் படகு மிதக்கத் தொடங்கியது. ஏரியில் காலைப் பனி. காலை நனைத்துக்கொண்டு நிற்கும் சைப்ரஸ் மரங்கள். வெள்ளைக் கொக்கு ஒன்று திரும்பிப் பார்த்து, நம்ம ஆள்தான் என்று மறுபடி மீனைக் கவனிக்கிறது. ஒரு கையில் தூண்டில். மறு கையில் பீர். மனைவி கரையில். அடடா, என்ன அமைதி! போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி, "சார், சுயநினைவு இருக்கா?" என்றார். "இருபத்திரண்டு அடி நீளம்" என்றேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

என் மனைவி ஒடில் பள்ளிக்கூடச் சமையலறையில் எழுநூறு பிள்ளைகளைச் சமாளிக்கிறவள். என்னைச் சமாளிப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு.

"கழுத்து ரொம்ப வலிக்குதா, அல்சீட்?"

"ஏழு லட்சத்துக்கு வலிக்குது."

"வலிய டாலர்லயா அளக்குறாங்க?"

"பின்ன, லிட்டர்லயா அளப்பாங்க?"

மறுநாளே ஃபொந்தனோவைப் பார்த்தேன். பலகையில் இருந்த அளவுக்கு நேரில் சிரிக்கவில்லை.

"அந்த ஏழு லட்சத்துக்காரருக்கு ரெண்டு காலும் போச்சு. உங்களுக்கு என்ன போச்சு?"

"தூக்கம் போச்சு சார்."

"உங்களுது கழுத்துச் சுளுக்கு. என்கிட்ட வர்ற இந்த மாதிரி கேஸெல்லாம் பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவுலதான் முடியும். அதுல மூணுல ஒரு பங்கு எனக்கு. வைத்தியச் செலவு தனி."

என் படகு அங்கேயே பாதியாகச் சுருங்கியது. முகத்தைத் தொங்கப்போடப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட கழுத்துப்பட்டை விடவில்லை. ஃபொந்தனோவுக்கே பாவமாகிவிட்டது.

"ஒண்ணு செய்யலாம். விபத்துக்கு முன்னாடி வீட்டு வேலை ஏதாவது செஞ்சிட்டிருந்து, இப்ப முடியலைன்னா, அதுக்கும் மணிக்கணக்குப் போட்டுக் கேக்கலாம். ஆனா நிஜமா செஞ்சதை மட்டும் எழுதுங்க. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்."

நிஜமா செஞ்சது! இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் செய்த வீட்டு வேலை ஒன்றே ஒன்று. ஒடில் தரையைப் பெருக்கும்போது காலைத் தூக்கிக்கொள்வேன். கஷ்டகாலம், அதை இப்போதும் செய்ய முடிகிறது.

வீட்டுக்கு வந்து அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நீதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும், ஒடில்."

"நான் மாட்டேன்ப்பா. நான் பாதிரியார் முகத்துல முழிக்கணும். நீ எழுது. உன் கை, உன் சத்தியம்."

"சரி. பாத்திரம் கழுவினேன்னு எழுதறேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை வேளை?"

"ஒரு வேளை."

"ஒரு வேளைக்கு வேன்காரரோட இன்சூரன்ஸ்காரன் என்ன பிச்சைக்காசு தருவான்? படகுக்கு இன்ஜின் வேண்டாமா?"

"மூணு வேளை!"

"துணி?"

"துவைச்சேன். காயப்போட்டேன். இஸ்திரியும் சேர்த்துக்கவா?"

"உன் இஷ்டம். ஆமா, ஞாயித்துக்கிழமை காலியா கிடக்கே. படிக்கிறவன் நம்புவானா?"

"விடு. காலையில புல் வெட்டறது, ஜன்னல் துடைக்கிறது. மத்தியானம் கம்போ குழம்பு வைக்கிறது. சாயங்காலம் கூரைக் குழாயில இலை அள்ளறது. போதுமா?"

"எங்கக்காவ சர்ச்சுக்குக் கார்ல கொண்டு விடறதை விட்டுட்டியே."

"அதையும் போட்டாச்சு. சர்ச் என்ன சர்ச், அவ சொல்ற இடத்துக்கெல்லாம்னே போட்டாச்சு!"

கூட்டிப் பார்த்தோம். வாரத்துக்கு நாற்பத்தொரு மணி நேரம். பெயிண்ட் கடையில் என் சம்பள வேலையே முப்பத்தெட்டு மணிதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் எந்தத் திட்டத்துக்கும் அவள் இப்படி ஒத்தாசையாக இருந்ததில்லை. நல்ல பெண்டாட்டி வாய்த்திருக்கிறாள் என்று மனம் நெகிழ்ந்து கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் வந்த ஆறு மாதம் இருக்கிறதே, அதுதான் என் வாழ்க்கையின் பொற்காலம். சாயங்காலம் கழுத்துப்பட்டையோடு சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினால் போதும். சோபா மெல்ல ஆடும். தண்ணீர் சளப் சளப்பென்று விளிம்பைத் தட்டும். தூரத்தில் தவளைச் சத்தம். அது ஒடில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் என்று தெரியும். தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

ஒருநாள் இன்சூரன்ஸ்காரப் பெண் அவளிடம் போனில் கேட்டாள்: "மேடம், உங்க வீட்டுக்காரர் இப்ப வீட்டுல ஏதாவது வேலை செய்யறாரா?"

"ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடறதில்லைங்க" என்றாள் ஒடில். குரல் தழுதழுத்தது. அந்தத் துக்கத்தில் கலப்படமே இல்லை.

பதினெட்டாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. வக்கீல் தன் பங்கை எடுத்தார். கழுத்தைப் பிடித்துவிட்டவர் எடுத்தார். ஆஸ்பத்திரி செலவைக் கொடுத்திருந்த எங்கள் மருத்துவக் காப்பீட்டுக்காரர்களும் வந்து எடுத்தார்கள். என் கைக்கு வந்தது நாலாயிரத்து நூறு. பரவாயில்லை. பதினாலு அடியில் ஒரு பழைய அலுமினியப் படகு, இருமுகிற இன்ஜினோடு கிடைத்தது. பச்சை வண்ணம் அடித்தேன். சனிக்கிழமை முழுக்க அதைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு விடிந்தது. தூண்டிலோடு சமையலறை வழியாகப் பூனைபோல் நழுவினேன்.

"எங்க கிளம்பிட்டே?" காபிக் கோப்பையோடு ஒடில்.

"ஏரிக்கு."

அவள் குளிர்பெட்டிக் கதவைக் காட்டினாள். இரண்டு காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று என் சத்தியப் பத்திரம். இன்னொன்று டாக்டர் சான்றிதழ்.

"இதுல விபத்துக்கு முன்னாடி இவ்வளவும் செஞ்சேன்னு நீ சத்தியம் பண்ணியிருக்கே. அதுல, விபத்துக்கு முன்னாடி இருந்த மாதிரியே குணமாயிட்டேன்னு டாக்டர் எழுதியிருக்கார். அப்ப முன்னாடி மாதிரியே செய்ய வேண்டியதுதானே?"

"ஒடில்... அது சும்மா காசுக்காக..."

"அப்ப பொய்ச் சத்தியமா? வக்கீலுக்குப் போன் போடட்டுமா? காசைத் திருப்பிக் குடுத்துட்டு, ஜெயில்ல போய்ப் பாத்திரம் கழுவு. அங்க மூணு வேளைக்கு மேல இருக்கும்."

தூண்டிலை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன். எட்டு மாதமாகிறது. ஞாயிறுதோறும் புல் வெட்டுகிறேன், ஜன்னல் துடைக்கிறேன், கம்போ கிண்டுகிறேன். சர்ச் முடிந்ததும் ஒடிலையும் அவள் அக்காவையும் காரில் ஏற்றி, அவர்கள் சொல்கிற இடத்தில், அதாவது ஏரிக்கரையில், இறக்கி விடுகிறேன்.

படகு அலுங்காமல் குலுங்காமல் போகிறதாம். ஒடில் சொன்னாள்.