இரண்டு ஜி.பி. ராம், ஒரு பெரிய நாமம்

ஓசூர் தேன்கனிக்கோட்டை சாலையில் உள்ள அந்தக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் முதல் பந்திக்கு இடம் பிடிப்பது போல வாசலில் கூட்டம் முட்டி மோதியது. நைட் ஷிஃப்ட் முடித்து யூனிபாரம்கூட மாற்றாமல் வந்த கம்பெனிக்காரர்கள். நிலத்தை லேஅவுட் போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டு, வந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த விவசாயிகள். ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர்கள். லீவு போட்டுவிட்டு வந்த பேங்க் ஊழியர்கள் இரண்டு பேர். வருஷம் 2007. பங்குச் சந்தை ஏறிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் புத்திதான் இறங்கிக்கொண்டே இருந்தது.

வாசலில் பெரிய பேனர். ‘கணினிச் சித்தர் யந்திரானந்தர் அருளாசி. வீட்டிலிருந்தபடியே ஆப்ஷன் வர்த்தகம். உங்கள் நட்சத்திரத்துக்கு ஏற்ற கம்ப்யூட்டர் பூஜை செய்து தரப்படும்.’ அதையே தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தார்கள். ஏமாற்றுவதில் மொழி வித்தியாசம் பார்க்காத பரந்த மனசு சித்தருக்கு.

கூட்டத்தின் நடுவே பூபதியும் நின்றார். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பணத்தில் மத்திகிரியில் ஒரு மனை வாங்கி வீடு கட்டுவது என்பது அவர் மனைவி பூங்கொடியின் திட்டம். பூங்கொடி அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வாடகை வீட்டு ஓனர்கள் ஆணி அடிக்கக் கூடாது என்று சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்தவர்.

பூபதியின் திட்டம் வேறு. டீக்கடையில் யாரோ ஆப்ஷனைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். சந்தை ஏறும் என்று நினைத்தால் ‘கால்’ வாங்க வேண்டும். இறங்கும் என்று நினைத்தால் ‘புட்’ வாங்க வேண்டும். நினைத்தது நடந்தால் ஒன்று பலவாகும். நடக்காவிட்டால் போட்டது போய்விடும். கேட்டவருக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது. வீட்டிலேயே ஒரு மூலையில் கம்ப்யூட்டரைப் போட்டு, லுங்கி கட்டிக்கொண்டு, காபி குடித்துக்கொண்டே சம்பாதிப்பதாகக் கனவு கண்டார்.

எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது என்பதில்தான் சிக்கல். ஒரு கடைக்காரர் பெரிய மானிட்டர் வேண்டும் என்றார். இன்னொருவர் இரண்டு மானிட்டர் இல்லாமல் டிரேடிங்கே முடியாது என்றார். மூன்றாவது கடையில் ஒரு மனுஷன், “சார், விலையைப் பார்க்கத்தானே? வீட்ல பிள்ளைங்க படிக்கிற சாதாரண கம்ப்யூட்டரே போதும். கரண்ட் போனா தாங்குற மாதிரி ஒரு யு.பி.எஸ். மட்டும் போட்டுக்குங்க” என்றார். உண்மையைச் சொன்ன அந்த ஒருவர் மீதுதான் பூபதிக்குச் சந்தேகம் வந்தது. வியாபாரம் தெரியாத ஆள் என்று முடிவு கட்டினார். பிறகுதான் சித்தரின் பேனர் கண்ணில் பட்டது.

உள்ளே நுழையும்போதே செல்போன்களை வாங்கி ஒரு கூடையில் போட்டுக்கொண்டார்கள். செல்போன் அலை அம்பாளுக்கு ஆகாதாம். கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார்கள். காலத்தைக் கடந்தவர் முன்னால் கடிகாரம் கட்டுவது அபசாரமாம்.

மேடையில் சித்தர். காவி வேட்டி, காவிச் சட்டை, சட்டைப்பையில் பென் டிரைவ். பின்னால் பெரிய வெள்ளைத் திரை. அதில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் விலை ஓடிக்கொண்டிருந்தது. திரையின் மேல் மூலையில் கனமான சாமந்தி மாலை தொங்கியது. சித்தருக்கு முன்னால், அவர் பக்கம் மட்டும் பார்த்தபடி, சந்தனம் பூசிய ஒரு லேப்டாப். அதற்குப் பெயர் அம்பாள் பெட்டி. அதை வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

“பக்தர்களே, கம்ப்யூட்டரில் முதலில் இருப்பது எது? மதர்போர்டு. மதர் என்றால் அன்னை. அன்னையின் மடியில் யார் இருக்கிறார்? ராம். ஒரு ஜி.பி. ராம் போதுமா என்று கேட்கிறார்கள். பகவானை அரைகுறையாக வாங்கலாமா? இரண்டு ஜி.பி. வேண்டும்.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ராம் இருக்கும் இடத்தில் நாமமும் வரும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரோகிணிக்கு இரண்டு மானிட்டர். கார்த்திகைக்கு மூன்று. திரை குபேர திசையான வடக்கைப் பார்க்க வேண்டும். யு.பி.எஸ். அக்கினி மூலையில். மூலம் நட்சத்திரக்காரர்களுக்கு வயர் இல்லாத மவுஸ், ஏனென்றால் வாலை அறுக்க வேண்டும். இப்படியே போனது உபதேசம்.

பிறகு அற்புதம். சித்தர் அம்பாள் பெட்டிக்குள் உற்றுப் பார்த்தார். கண்ணை மூடினார். “ஏறும்” என்றார். உடனே ஒரு பஜனைப் பாட்டைத் தொடங்கினார்கள். பாட்டு முடியும் நேரத்தில் திரையில் நிஃப்டி ஏறியது. மறுபடி உற்றுப் பார்த்தார். “இறங்கும்” என்றார். மறுபடி பாட்டு. பாட்டு முடிந்ததும் இறங்கியது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பூபதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வீட்டுக்கு வந்து மூச்சு விடாமல் சொன்னார். பூங்கொடி விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

“ஏறும் இறங்கும்னு அவருக்கே தெரியுதுன்னா, அவரே வாங்கி வித்துக்கலாமே. எதுக்குக் கம்ப்யூட்டர் விக்கிறாரு?”

“அவரு துறவி பூங்கொடி. அவருக்குக் காசு எதுக்கு?”

“அப்ப கம்ப்யூட்டரைச் சும்மா குடுக்கிறாரா?”

பூபதி, “சும்மா குடுத்தா அருள் நிக்காதாம்” என்றார்.

“சரி. செல்லை எதுக்கு வாங்கி வச்சுக்கிறாங்க? வாட்சை எதுக்குக் கழட்டச் சொல்றாங்க? அந்த மாலை ஏன் சரியா திரை மூலையில தொங்குது?”

“சாமிக்கு மாலை போட மாட்டாங்களா?”

“சாமிக்குப் போடுவாங்க. மூலைக்கு ஏன் போடுறாங்க?” என்றவர் சிவப்புப் பேனாவை மூடினார். “பணம் கட்டப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க.”

மனைவிக்கும் பக்தி வந்துவிட்டது என்று பூபதி நினைத்துக்கொண்டார். மூன்று மானிட்டர், இரண்டு ஜி.பி. ராம், ஆகிவந்த கீபோர்டு. மனைக்கென்று வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். மீதியில்தான் கால், புட் எல்லாம். ஆனால் கம்ப்யூட்டர் வந்த பிறகு மனை என்ன, மத்திகிரியையே வாங்கிவிடலாம்.

அடுத்த வாரம் இருவரும் போனார்கள். பூபதி செல்போனைக் கூடையில் போட்டார். பூங்கொடி போடவில்லை. தன்னுடையதைச் சாப்பாட்டுப் பைக்குள், தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

முன் வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஜவளகிரியிலிருந்து வந்த ராஜப்பன் என்ற விவசாயி. ஏற்கெனவே மூன்று மானிட்டருக்குப் பணம் கட்டியிருந்தார்.

“உங்க ஊர்ல இன்டர்நெட் வந்துருச்சாங்க?” என்று பூங்கொடி கேட்டார்.

“இல்லம்மா. கரண்டே பாதி நேரம் இருக்காது. சாமி சொன்னாரு, பெட்டி வந்தா எல்லாம் தானா வருமாம்.”

சித்தர் பெட்டிக்குள் பார்த்தார். “ஏறும்” என்றார். பாட்டு. ஏறியது. கைதட்டல். அப்போது பூங்கொடி எழுந்தார். பூபதி புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார், பூங்கொடி மசியவில்லை.

“சாமி, ஒரு சின்ன விண்ணப்பம். அந்தப் பெட்டியை மூடிட்டு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நாங்க பணம் கட்டிடுறோம்.”

சித்தர் சிரித்தார். “அம்பாளின் கண்ணை மூடச் சொல்கிறாயா அம்மா? அது உன் குடும்பத்துக்கு ஆகாது.”

“உக்காரும்மா” என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. “படிச்ச திமிரு” என்றது ஒன்று. பூபதி தலையைக் குனிந்துகொண்டார். பூங்கொடி உட்காரவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்தை நோக்கி நடந்துவிட்டார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்று பூபதி நினைத்தார். போனால் நல்லது என்றும் நினைத்தார். அதற்காகப் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டார்.

பூங்கொடி போகவில்லை. பக்கவாட்டுக் கதவருகே வந்து நின்றார். புடவைத் தலைப்பைத் தலையைச் சுற்றி, பக்தை மாதிரி முக்காடு போட்டிருந்தார்.

சித்தர் பெட்டிக்குள் குனிவதற்குள் பூங்கொடியின் குரல் கேட்டது.

“இப்ப ஏறும். நாலாயிரத்து ஐநூத்தி இருபத்தி மூணு வரைக்கும் போகும். அங்கிருந்து இறங்கி ஐநூத்தி பதினெட்டுக்கு வரும்.”

எல்லோரும் திரும்பினார்கள். பிறகு திரையைப் பார்த்தார்கள். பாட்டு பாடுகிறவர்கள் பாட மறந்துவிட்டார்கள். திரையில் எண் மெதுவாக ஏறியது. இருபத்தி மூன்றைத் தொட்டது. நின்றது. இறங்கியது. பதினெட்டில் வந்து உட்கார்ந்தது.

சித்தர்கூட ஏறும், இறங்கும் என்றுதான் சொல்லியிருந்தார். இந்த அம்மாள் எண்ணையே சொல்லிவிட்டாள். கூட்டம் வாய் பிளந்தது. நாராயணம்மா என்ற ரோஜாத் தோட்டக்காரம்மா ஓடி வந்து பூங்கொடியின் காலில் விழுந்தார். “தாயே, நான் கால் வாங்கட்டுமா, புட் வாங்கட்டுமா?”

சித்தர் சாமர்த்தியசாலி. நொடியில் சுதாரித்துக்கொண்டார். “பார்த்தீர்களா? நம் சந்நிதியில் காலடி வைத்ததுமே இந்தப் பெண்ணுக்கும் அம்பாள் அருள் வந்துவிட்டது” என்றார். கூட்டத்தில் பாதி அதையும் நம்பத் தயாராகிவிட்டது. பூபதிக்கு, இத்தனை வருஷம் தாம் குடும்பம் நடத்தியது யாரோடு என்று ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது.

பூங்கொடி நாராயணம்மாவைத் தூக்கி நிறுத்தினார். முக்காட்டை எடுத்தார். காதோடு செல்போன்.

“அருள் இல்லம்மா. என் தம்பி மோகன்குமார். பாகலூர் ரோட்ல ஷேர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறான். அங்க உக்காந்து அந்தந்த நிமிஷத்து விலையைச் சொல்றான். நான் உங்களுக்குச் சொன்னேன்.” ஒரு பொத்தானை அழுத்தினார். மோகன்குமாரின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “அக்கா, லைன்ல இருக்கியா? இப்ப இருபத்தி ஒண்ணு. எனக்கு வேலை இருக்கு, வச்சிடட்டுமா?”

திரை இன்னும் பதினெட்டிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும், இருபத்தி ஒன்றுக்கு வந்தது.

“இந்தத் திரையில ஓடுறது இலவச வெப்சைட். விலை சில நிமிஷம் தாமதமாத்தான் வரும்” என்றார் பூங்கொடி. “சாமியோட பெட்டியில விலை உடனுக்குடன் வருது. அவரு நடந்து முடிஞ்சதைப் பார்த்துட்டு, நடக்கப் போறதா சொல்றாரு. நடுவுல இருக்கிற நேரத்துக்குத்தான் பாட்டு. நம்ம கையில செல்லோ வாட்சோ இருந்தா மாட்டிக்குவாருன்னுதான் கூடை.”

“மாயை” என்று சித்தர் ஆரம்பித்தார். “அம்பாளின் காலக்கணக்கு வேறு, மனிதரின் காலக்கணக்கு வேறு.”

ராஜப்பன் எழுந்தார். மேடை ஏறினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரை மூலைச் சாமந்தி மாலையைத் தள்ளிப் பிடித்தார். அதன் பின்னால் விலை பதிவான நேரம் கடமை தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. பூங்கொடி தன் செல்போனில் இருந்த நேரத்தை உரக்கப் படித்தார். இரண்டுக்கும் இடையே ஒரு பஜனை தாராளமாக நுழையும். ராஜப்பன் அம்பாள் பெட்டியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். மோகன்குமார் சொல்லச் சொல்ல, அதே எண் அதில் அதே நொடியில் வந்தது.

சித்தர் சமையல்கட்டு வழியாகப் போகப் பார்த்தார். அங்கே நைட் ஷிஃப்ட்காரர்கள் நின்றார்கள். தூக்கம் கெட்டவர்களிடம் தத்துவம் எடுபடவில்லை. போலீஸ் வந்து பெயர் கேட்டபோது, சித்தர் சென்னகிருஷ்ணன் ஆனார். பெங்களூரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்றவராம். குங்குமம் வைத்து அடுக்கியிருந்த பெட்டிகளைப் பிரித்தார்கள். எல்லாம் ஏதேதோ ஆபீஸில் தேய்ந்துபோன கம்ப்யூட்டர்கள். ஒன்றின் கீபோர்டில் யாரோ சாப்பிட்ட மிக்சர்கூட இருந்தது. அதைத்தான் பிரசாதம் என்று சொல்லியிருப்பார், விட்டிருந்தால்.

கூட்டம் கலைந்தபோது பேங்க் ஊழியர்களில் ஒருவர் பூங்கொடியிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மேடம், அதெல்லாம் சரி. நிஜமாவே ஆப்ஷன் பண்றதுக்கு எத்தனை மானிட்டர் வாங்கலாம்?”

பூங்கொடி சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினார். “எதையும் வாங்காதீங்க சார். ஏறுமா இறங்குமான்னு ஒரு மாசம் காசு போடாம சொல்லிப் பாருங்க. எத்தனை தடவை சரியா வருதுன்னு பார்த்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க.”

அவர் அதைச் செய்தாரா தெரியாது. பூபதி செய்தார். தினமும் பேப்பர் பார்த்து, மனசுக்குள்ளேயே கால் வாங்கினார், மனசுக்குள்ளேயே புட் வாங்கினார். மாசம் முடிவதற்குள் மனசுக்குள் இருந்த மனையும் வீடும் வாசற்படியோடு போய்விட்டன. நிஜப் பணம் பேங்கில் பத்திரமாக இருந்தது. அதில் மத்திகிரியில் நிஜமாகவே மனை வாங்கினார்கள். வீடு கட்ட அஸ்திவாரக் கடக்கால் எடுத்த அன்று பூபதி மனைவியிடம் சொன்னார்.

“அன்னைக்கு நீ எந்திரிச்சப்ப உன் தலைப்பைப் பிடிச்சு இழுத்தேன்ல.”

“ஆமா. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா கிழிஞ்சிருக்கும். நல்ல புடவை” என்றார் பூங்கொடி.

ஓசூரில் இப்போது கம்ப்யூட்டர் கடைகளுக்குக் குறைவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் மெமரி கிடைக்கும், வேண்டிய அளவுக்குக் கூட்டியும் போட்டுத் தருவார்கள். யோசனையை மட்டும் இதுவரை யாரும் டப்பாவில் அடைத்து விற்கவில்லை. அதை அவரவர் தலையிலேயேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. செலவில்லாத காரியம் என்பதாலோ என்னவோ, அதற்கு மட்டும் கூட்டமே வருவதில்லை.