கொசுவலையின் மறுபாதி

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாங்கள் நலமென்று நம்புகிறேன். எழுத்தில் வரும்வரை எதையும் முழுதாக நம்பாதது என் தொழில் புத்தி.

1. இதை எழுதும் நான் ஓய்வுபெற்ற வழக்கறிஞன். தங்கள் மனைவியின் தகப்பன். தெளிந்த புத்தியுடன் எழுதுகிறேன்.

2. ‘தெளிந்த புத்தி’ என்பதை என் மனைவி ஆட்சேபிக்கிறாள். ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது.

விஷயம் கொசுவலை. தாங்கள் தொலைவில் பாலம் கட்டிக்கொண்டிருக்க, கர்ப்பிணியான தங்கள் மனைவி எங்கள் பொறுப்பில் இருக்கிறாள். தெருவில் மலேரியா. மாசமாயிருப்பவளுக்கு அது வந்தால் தாய்க்கு ரத்தசோகை, குழந்தைக்கு எடைக்குறைவு, நான் எழுத விரும்பாத வேறு சிலவும் நேரலாமென்று எச்சரித்து, மருந்தேற்றிய வலை ஒன்றை நர்ஸம்மா தந்துபோனார். முறைப்படி நிழலில் காற்றாட விட்டு, ஜன்னல் கம்பி, அலமாரிக் கைப்பிடி, சட்டப் புத்தக அடுக்கு, என் பழைய கறுப்பு அங்கி தொங்கும் ஆணி ஆகிய நான்கிலும் கட்டினேன். “உள்ள மூச்சு முட்டுதுப்பா, நான் படுக்க மாட்டேன்” என்றாள் மகள். ஆதாரமற்ற வாதம். அதை முறியடிக்க, நேரடி ஆய்வாக, இன்று பிற்பகல் நானே உள்ளே படுத்தேன், தூங்கியும்விட்டேன். “கோர்ட்டுலயும் இப்படித்தான் தூங்குனீங்களா?” என்று தலையை மட்டும் உள்ளே நீட்டிய என் மனைவியை, கொசு நுழைந்துவிடுமே என்று, முழுதாக உள்ளே இழுத்துக்கொண்டேன்.

வழக்கு அங்கேதான் திசைமாறியது. எங்கள் பழைய வாடகை அறை நினைவுக்கு வந்தது. இதே மகள் வயிற்றில் இருந்தபோது எங்களுக்கிருந்தது ஒரே வலை. மருந்தும் கிடையாது ஒன்றும் கிடையாது. கிழிசல்களை வழக்குக் கட்டின் சிவப்பு நாடாவால் முடிந்திருந்தேன். இருந்தும் காய்ச்சல் என் மனைவியைப் பிடித்தது. குழந்தை தங்குமா என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நடுங்கியவளுக்கு என் வழக்குகளை வாசித்துக் காட்டினேன். வேறென்ன தெரியும் எனக்கு? “அந்த ஆடு திருட்டுக் கேசு ஞாபகமிருக்கா? ஆடு சம்மதத்தோடதான் கூட வந்துச்சுன்னு வாதாடினீங்களே!” என்றாள் இப்போது. “ஆடு மறுக்கலையே!” என்றேன். வலை அதிரச் சிரித்தோம். புத்தக அடுக்கு சரிந்தது. குற்றவியல் சட்டம் முழுவதும் என் வயிற்றில் விழுந்தது.

சத்தம் கேட்டு மகள் வந்தாள். “எனக்குக் குடுத்த வலையில நீங்க குடித்தனம் பண்றீங்களா?” என்றவள், வலையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே, “மூச்சு முட்டலப்பா. உள்ள தனியாப் படுத்தா, அவரு இன்னும் தூரமாப் போயிட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை என் தொழில்காலத்தில் கேட்டதில்லை. ஆகவே, தாங்கள் உடனே விடுப்பெடுத்து வந்து, வலையின் மறுபாதியை ஏற்குமாறு கோருகிறேன். பாலம் காத்திருக்கும், கொசு காத்திருக்காது.

தங்களுக்கும் தங்கள் தூண்களுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
(ஒப்பம்) மாமனார்

சாட்சிகள்:
1. மாமியார் (ஆட்டு வழக்கு மட்டும் உண்மை என்ற குறிப்புடன்)
2. மகள் (கையொப்பமிட மறுப்பு)

பின்குறிப்பு: மேற்படி கோரிக்கை முழுவதும் வாபஸ். பொழுது சாய்ந்ததும் மகள் தானே வலைக்குள் போய்விட்டாள், அம்மாவையும் இழுத்துக்கொண்டு. “தினமும் உள்ளதான் படுப்பேன். அவரைப் பாதிப் பாலத்துல விட்டுட்டு ஓடிவரச் சொல்லாதீங்க” என்பது அவள் உறுதிமொழி. ஆட்டுக் கதையை அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள், தப்பும் தவறுமாக. உள்ளே போய்த் திருத்த எனக்கு இடமில்லை. வெளியே கடிபட்டுக்கொண்டு எழுதுகிறேன். பாலம் முடிந்து வரும்போது இன்னொரு வலை வாங்கி வாருங்கள். பெரியதாக.