பிரித்த மெத்தையைத் திருப்பிக் கொடுத்த விவரம்

அன்புள்ள தம்பி குமரகுருவுக்கு,

காஞ்சிபுரத்திலிருந்து உன் அக்கா ஏலவார்குழலி எழுதிக்கொண்டது. உன் மாமாவின் இடுப்பைத் தவிர இங்கே எல்லாரும் ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே நீ, அகிலா, பிள்ளைகள் எல்லாரும் இடுப்பு உட்பட சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். மெத்தை விஷயம் என்ன ஆயிற்று என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். ராத்திரியில் தூக்கமில்லை, பகலில் தறியில் உட்கார முடியவில்லை. ஒரு கல்யாணப் புடவை பாதியில் நிற்கிறது. பெண் வீட்டார் தினமும் போன் செய்து, மாமாவின் உடம்பை விசாரிப்பது போலப் புடவையை விசாரிக்கிறார்கள். அதற்காகத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் வீட்டு சாமான் கடையில் அந்த மெத்தையை வாங்கினேன். காற்றை உறிஞ்சி, சுருட்டி, ஒரு சின்ன அட்டைப்பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் கவரைக் கிழித்ததும் அது புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு எழுந்தது பார், பீரோ கதவைத் திறக்க வழியில்லை. மாமா ஏறிப் படுத்தார். அப்படியே உள்ளே போனார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

“இன்னாடி இது, பகல்ல ஒரு குழி, ராத்திரிக்கு ஒரு குழியா?” என்றார்.

அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு கொண்டே இருந்தார். காலையில் கடைக்குப் போன் போட்டேன். பெட்டியில் இருந்தபடியே கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். இதென்ன பிரமாதம், பட்டு நூலில் தெரு நீளத்துக்குப் பாவு போட்டுச் சுற்றுகிற நமக்கு ஒரு மெத்தையைச் சுற்றத் தெரியாதா என்று எதிர்வீட்டு ராமலிங்கத்தையும் அவர் சம்சாரம் கலைவாணியையும் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முட்டி போட்டு அழுத்தி, அருமையாகச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டோம். கட்டி முடித்த பிறகுதான் ராமலிங்கத்தின் கை உள்ளே இருப்பது தெரிந்தது. கயிற்றை அவிழ்த்தோம். அது மறுபடியும் எழுந்து, கலைவாணியைப் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தின் மேல் தள்ளிவிட்டது.

சரி, வளர்ந்த பிள்ளையை வளர்ந்தபடியே கூட்டிப்போவோம் என்று நம் தெரு பிரேம்நாத்தின் குட்டி யானை சரக்கு வண்டியில் மெத்தையை விரித்தேன். மாமாவால் முன்சீட்டில் உட்கார முடியாது, அதனால் அதன் மேலேயே படுக்க வைத்தேன். வெயில் படாமல் இருக்க வெள்ளை வேட்டி ஒன்றைப் போர்த்தினேன். சிக்னலில் நின்றபோது பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நம் மாமாவுக்கு மரியாதை தெரியும் அல்லவா, வேட்டியை விலக்கி அவரும் படுத்தபடியே பதிலுக்குக் கும்பிட்டார். அந்த மனிதர் சிவப்பு விளக்கையும் பார்க்கவில்லை, செருப்பையும் எடுக்கவில்லை.

கடையில் மேனேஜர் துர்காதேவி என்று ஒரு சின்னப் பெண். மெத்தையை நடுக்கூடத்தில் இறக்கச் சொன்னேன்.

“பிரிச்ச பொருள ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்மா. பில்லுலயே போட்டுருக்குது பாருங்க” என்றாள்.

“பிரிக்காம எப்படிம்மா படுக்கறது? கவரோட படுத்தா வழுக்கிக்கினு கீழ வருவாரு.”

“அப்போ டேமேஜ் இன்னான்னு காட்டுங்க.”

“டேமேஜ் மெத்தைக்கு இல்லம்மா, இவருக்கு. இன்னாங்க, படுத்துக் காட்டுங்க. எப்படி உள்ள போறீங்கன்னு இந்தப் பொண்ணு பாக்கட்டும்.”

மாமா படுத்தார். நான் துர்காதேவியிடம் நியாயத்தைப் பிரித்துப் பிரித்து எடுத்துச் சொன்னேன். புடவை, கல்யாணம், பெண் வீட்டார், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, “இப்ப நீங்களே சொல்லுங்க” என்று மாமா பக்கம் திரும்பினால், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். குறட்டை வேறு.

துர்காதேவி என்னைப் பார்த்தாள். “ஏம்மா, இதுதான் தூக்கம் வராத மெத்தையா?”

தம்பி, பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். எத்தனை நாளாகச் சுளித்துக்கொண்டிருந்த முகம், அப்படியே இளகிப் போயிருந்தது. “கொஞ்சம் மெதுவா பேசும்மா, தூங்கறாரு” என்று அவளுக்கே சொன்னேன். அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஸ்டூல் ஒன்று போட்டு என்னை உட்கார வைத்து டீயும் வரவழைத்தாள். மிக்சி வாங்க வந்தவர்கள், குக்கர் வாங்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஓர் அம்மாள், “அவர் படுத்துக்கினு இருக்கற அதே மெத்த ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்கிப்போனாள். அதற்குப் பிறகு இன்னொருவர்.

மாமா எழுந்ததும் உண்மையைச் சொன்னார். “மெத்த இன்னாவோதான்மா. ஆனா இந்த ஏசி காத்து இருக்குதே, அதான் அசத்திடுச்சு.” உடனே நான் துர்காதேவியைப் பிடித்துக்கொண்டேன். தூக்கம் வந்தது காற்றால், மெத்தையால் அல்ல, ஆகவே மெத்தை குற்றவாளிதான் என்று நிரூபித்துவிட்டேன். அவள் உள்ளே போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்து, அந்த மெத்தையைக் கடைக்கே சாம்பிளாக வைத்துக்கொண்டு அதற்குப் பதில் ஏர் கூலர் தருகிறோம் என்றாள். விற்பனை நடந்ததால் மனம் இளகினார்கள் என்று பிரேம்நாத் சொல்கிறான். அவனுக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும். என் பேச்சால்தான் என்பது எனக்குத் தெரியாதா. ஆகவே தம்பி, பிரித்த பொருளை வாங்கமாட்டேன் என்று உன்னிடம் யாராவது சொன்னால் எனக்கு ஒரு போன் போடு, நான் வருகிறேன்.

மாமா இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறார். பாயில்தான். இடுப்பும் நிமிர்ந்திருக்கிறது. அகிலாவுக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளின் கன்னத்தில் என் சார்பாக வலிக்காமல் ஒரு கிள்ளு கிள்ளு. காமாட்சி உங்கள் வீட்டுப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு உன் அக்கா,
ஏலவார்குழலி

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலை மாமா தெம்பாகத் தறியில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் ஏறி வந்துவிட்டார். ராத்திரியெல்லாம் கூலர் விட்ட ஈரக்காற்றில் தறியில் கட்டிய பாவு நூல் மொத்தமும் நமுத்துத் தொய்ந்து, இழையோடு இழை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. “நான் தூங்கினா தறி தூங்குது, இத எடுத்துக்கினு போயிடு” என்கிறார். கூலரைப் பிரித்தாகிவிட்டது, தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. பிரேம்நாத் வண்டியோடு வாசலில் நிற்கிறான். நாங்கள் கூலரோடு வருகிறோம் என்று சொல்லக் கடைக்குப் போன் செய்தானாம். துர்காதேவி லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்களாம். சொன்னது துர்காதேவியின் குரல்தான் என்கிறான்.